லிஃப்ட் பயம் வேற, அப்பா மேல கோபம் வேற

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல, சாட்ஸ்வொர்த் பக்கம் நம்மாளுங்ககிட்ட தெரபின்னு சொன்னாலே சோபால படுக்க வச்சு சின்ன வயசு கதைய கேப்பாங்கன்னு நினைச்சுக்கறாங்க. அந்த சோபா சைக்கோஅனாலிசிஸ்ல மட்டும்தான், அதாவது ஃப்ராய்டுங்கற டாக்டர் ஆரம்பிச்ச, மனசோட ஆழத்துல இருக்கறத பேசிப் பாக்கற முறைல; மத்ததெல்லாம் வேற மாதிரி.

லிஃப்ட்ல ஏற பயப்படுற ஒருத்தர எடுத்துக்கங்க. 1915ல ஜோஹன்னஸ்பர்க்ல பொறந்த ஜோசப் வோல்பி, நம்ம நாட்டு டாக்டர்தான், இதுக்கு ஒரு வழி கொண்டு வந்தார்: மொதல்ல உடம்ப தளர்த்திக்க பழகணும், அப்புறம் லிஃப்ட தூரத்துல பாக்கறதா கற்பனை, அது பழகினதும் கதவுகிட்ட நிக்கறதா, அப்புறம் உள்ள போறதா, இப்படி படிப்படியா. உடம்பு நிம்மதியா இருக்கறப்ப பயத்துக்கு எடமில்லாம போயிடும், பயம் எப்படி வந்துச்சுன்னு தோண்ட வேண்டியதில்ல. சிபிடின்னு இன்னொரு தெரபி இருக்கு, நினைப்பையும் பழக்கத்தையும் மாத்தறது. அதுல வீட்டுப்பாடம் உண்டு, "நா நினைக்கறது நெஜமா"ன்னு சோதிச்சு பாக்கணும், பெரும்பாலும் 12லேர்ந்து 20 தடவைல முடிஞ்சிடும். அத உருவாக்கின ஆரன் பெக் மொதல்ல கத்துக்கிட்டது சைக்கோஅனாலிசிஸ்தான்.

சைக்கோஅனாலிசிஸ்ல வீட்டுப்பாடமும் இல்ல அட்வைஸும் இல்ல, வாரத்துக்கு நாலஞ்சு நாள், தடவைக்கு 50 நிமிஷம், வருஷக்கணக்கா போகும். ஒரே விதி, மனசுல வர்றத வடிகட்டாம சொல்லணும், அசிங்கமா இருந்தாலும் சரி அற்பமா இருந்தாலும் சரி. அனலிஸ்ட், அதாவது இந்த வைத்தியம் பண்றவர், தலமாட்டுப் பக்கம் கண்ணுல படாம உக்காந்திருப்பார். நாள் முழுக்க ஆளுங்க தன் மூஞ்சியையே பாக்கறது தாங்கலன்னு ஃப்ராய்டே 1913ல ஒரு காரணம் எழுதியிருக்கார். ஆனா அங்க முகம் தெரியலன்னா நாமளே ஒரு முகத்த வச்சிடறோமே, அந்த வைத்தியத்துக்கு வேண்டியதே அதுதான்.

சக்கரை மில்லுலேர்ந்து வந்து வாயே தொறக்காத அப்பாகிட்ட வளந்த ஒரு பையன்னு வச்சுக்கங்க. அனலிஸ்ட் ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தாலே "இவருக்கு என்ன புடிக்கல"ன்னு குமுறுவான், அடுத்த நாள் வராமகூட இருந்துடுவான். அப்பாகிட்ட பட்டது இப்ப இந்த ரூம்லயே திரும்ப நடக்குது, இதுக்குப் பேருதான் ட்ரான்ஸ்ஃபரன்ஸ். நாமளா இருந்தா கோச்சுக்காதப்பான்னு சமாதானம் பண்ணிடுவோம், அனலிஸ்ட் பண்ணமாட்டார், "நா பேசாம இருந்தப்ப உங்க மனசுல என்ன வந்துச்சு?"ன்னு கேப்பார். ஆறிப்போன கதைய சொல்றதுக்கும் கோபம் கொதிக்கறப்பவே அத பாக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம்! மாசக்கணக்கா இது திரும்பத் திரும்ப நடந்துதான், ஒருத்தர் பேசாம இருக்கறது வெறுப்புனால இல்லன்னு அவனுக்கு உறைக்கும், வீட்ல பொண்டாட்டி பேசாம இருக்கறப்பவும்.

லிஃப்ட் பயத்துக்காக அஞ்சு வருஷம் சோபால படுக்க வேணாம், அதுக்கு வோல்பி வழியே போதும். எந்த வேலைக்குப் போனாலும் அதே சண்ட, யார கட்டினாலும் அதே முறிவுன்னு இருக்கறவங்க, நேரமும் காசும் இருந்தா, அனலிஸ்ட்கிட்ட ஒரு தடவ போய் பேசிப் பாக்கலாம்னுதான் நா சொல்வேன்.