முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் எங்கே தொடங்குகிறது?

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறேன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் பெற்றோர் தவறாமல் கேட்பது இதுதான்: "பிளஸ் டூவில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கின பிள்ளை சார், எப்படி அரியர் விழுந்தது?"

பெரும்பாலும் பதில் பிளஸ் ஒன்னில் இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் 200க்குப் போடும் கட்-ஆஃப் முழுக்கப் பிளஸ் டூ மதிப்பெண். அதனால் பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒப்பேற்றிவிட்டு அடுத்த புத்தகத்துக்கு ஓடுகின்றன. எல்லை, வகையிடல், தொகையிடல் என்று கால்குலஸின் அடித்தளம் முழுக்க அந்த வகுப்பின் இரண்டாம் தொகுதியில்தான் கிடக்கிறது.

2025இல் புதுப் பாடத்திட்டம் வரும்வரை இருந்த அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்கு ஐந்து யூனிட். முதலாவது மேட்ரிக்ஸ். ஐகன் வேல்யூ, கேய்லி-ஹாமில்டன் தேற்றம் எல்லாம் வழிமுறை பழகினால் போட்டுவிடலாம். 'கல்லூரிக் கணக்கு இவ்வளவுதானா' என்ற நிம்மதி இங்கேதான் வந்தது, ஆபத்தும் இங்கேதான். மீதி நான்கும் கால்குலஸ். கடைசி யூனிட்டில் இரட்டைத் தொகையீட்டின் வரிசையை மாற்றச் சொன்னால், பகுதியை வரையவும் வராமல், சூத்திரமும் நினைவில்லாமல் பிள்ளைகள் திணறினார்கள். அதற்குள் தேர்வு நெருங்கியிருக்கும்.

கலந்தாய்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள நாட்களில் அந்த இரண்டாம் தொகுதியின் 9, 10, 11ஆம் அத்தியாயங்களை முடித்துவிடுங்கள். தினம் ஒரு மணி நேரம் போதும். வீடியோ பார்ப்பது பயிற்சி ஆகாது, பேனா எடுத்துப் போட வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலவழிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் அதே கணக்குகள்தான். கணக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலச் சொற்கள் தானாகப் பிடிபடும். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அப்புறம் இன்டர்னல், அதாவது செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரி போடும் மதிப்பெண். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். 2021 விதிப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100க்கு எழுதி 60க்குக் குறைப்பார்கள். பாஸாக மொத்தத்தில் 50 வேண்டும், தேர்வில் மட்டும் 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 23 கையில் இருந்தால் செமஸ்டரில் 100க்கு 45 எடுத்தால் போதும். 14தான் இருக்கிறது என்றால் 60 எடுத்தாக வேண்டும். கணக்கில் திணறும் பிள்ளைக்கு அந்தப் பதினைந்து மதிப்பெண் ஏறக்குறைய ஒரு முழு 16 மார்க் கேள்வி. புதுப் பாடத்திட்டத்திலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் விதி மாறலாம், சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் இன்டர்னல் விடைத்தாள் கைக்கு வந்ததும் மார்க்கைப் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். எந்த வரியில் தடம் மாறியது என்று பாருங்கள். பெரும்பாலும் புதுப் பாடத்தில் தவறியிருக்காது, பிளஸ் ஒன் வகையிடலில் ஒரு குறி மாறியிருக்கும்.

அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகளில் பலர், ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டு வகுப்பில் வாயே திறப்பதில்லை. அவர்களுக்குச் சொல்கிறேன்: வகுப்பில் முடியாவிட்டால் ஸ்டாஃப் ரூமுக்கு வாருங்கள். தமிழிலேயே கேளுங்கள். 'எதுவுமே புரியலை' என்று வெறுங்கையோடு வராமல், பாதியில் நின்றுபோன கணக்கை அப்படியே கொண்டு வாருங்கள். எந்த வரியில் நின்றீர்களோ, அந்த வரியிலிருந்து ஆரம்பிக்கலாம்.