கேம் லேக் அடித்தால் உடனே கிராபிக்ஸ் கார்டு வாங்க ஓடாதீர்கள்

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சிபியு பெட்டியை நிறுத்திக்கொண்டு என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வந்தார். பின்னால் பிளஸ் ஒன் படிக்கும் மகன். "அண்ணா, புது கிராபிக்ஸ் கார்டு போட்டும் கேம் திக்கித் திக்கி அப்படியே கீதுண்ணா" என்றான் பையன். அப்பா ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். வீட்டம்மாவின் செயினை அடகு வைத்து 18,000 ரூபாய்க்குக் கார்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். யாரோ சொன்னார்களாம், கார்டு மாற்றினால் சரியாகிவிடும் என்று.

பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றினேன். கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் மேல், அதன் சூட்டைத் தணிக்க இருக்கும் கூலருக்கு நாலு பிளாஸ்டிக் பின்கள். அதில் ஒன்று போர்டை விட்டு எழும்பி நின்றது. விரலால் தொட்டால் கூலர் ஆடியது. ஃபேனைக் கழற்றினால் அடியில் அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. தூசி கம்பளி மாதிரி படிந்து, ஒரே துண்டாக உரிந்து வந்தது. ப்ராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்த நடுவில் தடவும் பேஸ்ட் விபூதி மாதிரி உதிர்ந்தது. சுத்தம் செய்வதற்கு முன் கேமை ஓடவிட்டுப் பார்த்திருந்தேன். பத்தே நிமிடத்தில் ப்ராசஸர் 100 டிகிரி. துடைத்து, புதுப் பேஸ்ட் வைத்து, பின்னை அழுத்திப் பூட்டியதும் அதே கேமில் 74 டிகிரி. அப்புறம் பழைய கார்டையே மாட்டி ஓட்டிக் காட்டினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பில் 400 ரூபாய். அந்த அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். பெட்டி பிரித்த கார்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார் என்று அவருக்குத் தெரியும்.

இந்தக் கோடையில் மட்டும் இப்படி என்னிடம் வந்த ஏழாவது மிஷின் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேம் என்றால் கார்டு, கார்டு என்றால் கேம் என்று ஒரு எண்ணம் வீட்டுக்கு வீடு ஊறிப்போயிருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும் யார் எங்கே நிற்கிறார், குண்டு எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது ப்ராசஸர். அந்தக் கணக்கு வந்த பிறகுதான் கார்டு வரைய ஆரம்பிக்கும். நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடிதான். சூடு தாங்காமல் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, நடுவில் ஒரே ஒரு படத்துக்கு 100 மில்லிநொடி எடுத்தால் போதும், கண்ணுக்கு வெட்டி இழுப்பது மாதிரி தெரியும். அந்த நேரத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இதைத்தான் நான் தினமும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கார்டு மேல்தான் குற்றமா என்று நீங்களே பார்க்கலாம். கேம் செட்டிங்ஸில் ரெசல்யூஷனையும் கிராபிக்ஸையும் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ்., அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, நன்றாக ஏறினால் கார்டுக்குச் சுமை அதிகம் என்று சந்தேகப்படலாம். இறக்கிய பிறகும் அதே திக்கல் என்றால் கார்டை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். முதல் கால் மணி நேரம் நன்றாக ஓடி அப்புறம் திக்கினால் பெரும்பாலும் சூடுதான். ஆரம்பத்திலிருந்தே திக்கினால் முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். கார்டில் சொருக வேண்டியதை மதர்போர்டில் சொருகி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் தெரியுமா! காசு கொடுத்து வாங்கிய கார்டு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதுவும் சரியாக இருந்தால், வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமைப் பாருங்கள். 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கில் கேம் இருந்தால் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்குக்கு மாற்றுங்கள். ஆன்லைன் கேமில் படம் வழுவழுவென்று ஓடி, ஆள் மட்டும் இருந்த இடத்துக்கே திரும்பிக் குதித்தால் அது நெட் கோளாறு. அதற்கும் பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் இது. டிசம்பரில் 80 டிகிரியில் சமாளித்த ப்ராசஸர், அறைச் சூடு பதினைந்து டிகிரி ஏறினால் தானும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். பெரும்பாலான ப்ராசஸர்களுக்கு எல்லை 95 முதல் 100 டிகிரி வரைதான். அப்படியிருக்க, கம்ப்யூட்டர் மேஜையில் கீழே இருக்கும் மரப் பெட்டிக்குள் சிபியுவை வைத்துக் கதவையும் சாத்துகிறீர்கள். எப்படி மூச்சு விடும்? வெளியே எடுங்கள். சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். பாலாற்றுப் பக்கமோ ரோட்டோரமோ வீடு இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்டுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். சுற்றவிட்டு ஊதினால் பேரிங் கெட்டுப்போகலாம். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்து விளையாடாதீர்கள்.

தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. எஃப்.பி.எஸ். ஏற்றித் தருகிறேன் என்று வரும் பூஸ்டர் சாஃப்ட்வேர்களை இறக்காதீர்கள்பா. காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து ஓட்டும் கிராக் கேம் போடுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்தாதீர்கள். போன மாதம் காட்பாடியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பையனின் மிஷினில் கேம் எதுவும் திறக்காமலேயே கார்டு 98 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. கிராக்கோடு வந்த ஏதோ ஒன்று அவன் கார்டை வைத்து யாருக்கோ கிரிப்டோ காசு தோண்டிக்கொண்டிருந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்கிறான் என்று கடன் வாங்குவதற்கு முன், எந்த டெக்னீஷியனிடம் போனாலும் சரி, அரை மணி நேரம் கேமை ஓடவிட்டு ப்ராசஸர் சூடு எத்தனை டிகிரி, கார்டு சூடு எத்தனை டிகிரி என்று பார்த்து, அந்த இரண்டு எண்களையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.