தேய்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம், அண்ணாச்சி

மறுபடியும் ஒரு ரிவால்வர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிக்கல் முலாம் பூசி, பளபளவென்று வந்திருக்கிறது. தாத்தா காலத்துப் பிரிட்டிஷ் ராணுவ ரிவால்வர், என்ஃபீல்டு நம்பர் 2. "கம்பெனியிலேயே நிக்கல் போட்ட அபூர்வ மாடல்" என்கிறார்கள். சிப்பாய் இடுப்பில் வெயில் பட்டு மின்னுகிற மாதிரி எந்த ராணுவமாவது துப்பாக்கி செய்யச் சொல்லுமா?

புளி போட்டு விளக்க இது குத்துவிளக்கு இல்லை. ஆலையில் பூசிய கறுப்புப் பூச்சு பாதி போயிருந்தாலும் அதுதான் அசலுக்குச் சாட்சி. தேய்த்ததைக் கண்டுபிடிப்பது எளிது: திருகுத் துளையைச் சுற்றிக் கிண்ணம் போலக் குழிந்திருக்கும், கூர்மையாக இருக்கவேண்டிய விளிம்புகள் மழுங்கியிருக்கும், முத்திரை எழுத்துகளின் கால்கள் மெலிந்து பாதி காணாமல் போயிருக்கும். போன எழுத்து திரும்பி வராது.

இந்த மாடலில் சேகரிப்பவர்கள் உண்மையிலேயே தேடுவது வேறு. 1932-இல் வந்த மார்க் 1-க்கு ஹேமரில் (தோட்டாவை அடிக்கும் பின்பக்கச் சுத்தியலில்) கட்டைவிரல் வைக்கும் கொம்பு உண்டு. 1938-இல் வந்த, பெயரோடு நட்சத்திரக் குறி சேர்ந்த மார்க் 1*-இல் கொம்பு இல்லை. ராணுவ டேங்குக்குள் அது மாட்டிக்கொள்கிறது என்று எடுத்துவிட்டார்கள். பழுதுக்கு வந்த பழைய மார்க் 1-களிலும் கொம்பை நீக்கி நட்சத்திரம் அடித்தார்கள். அதனால் மாற்றம் படாத மார்க் 1 கிடைப்பது அரிது. கொம்புள்ள ஹேமரை எங்கிருந்தோ கொண்டுவந்து மாட்டி விற்கிறவர்களும் உண்டு.

முதலில் திறந்து ஆறு அறையும் காலியா என்று பாருங்கள். பிறகு பிரேமின் (உடல் சட்டத்தின்) வலப்பக்கம். அங்கே நட்சத்திரம் இருந்து ஹேமரில் கொம்பும் இருந்தால், ஹேமர் பின்னால் மாட்டியது. நட்சத்திரம் இல்லையென்றால், அந்த இடத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அரத்தால் ராவி எடுத்திருந்தால் லேசான பள்ளம் நிழல் காட்டும். பிரேம், பேரல் (குழல்), சிலிண்டர் (தோட்டா உருளை) மூன்றிலும் ஒரே நம்பர் இருக்கவேண்டும். நம்பர் சின்னது என்பதால் மட்டும் விலை ஏறாது.

அந்த நம்பரைத் தேய்த்துவிட்டால் விலை மட்டுமா போகிறது? 1959 ஆயுதச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி, அடையாளக் குறி அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்று நிரூபிப்பது உங்கள் பாடு. "பழசுதானே, லைசென்ஸ் எதுக்கு?" என்பதும் தப்பு. பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இந்த ரிவால்வரின் .380 தடைசெய்யப்பட்ட 'போர்' (குழலின் உள்விட்ட அளவு). லைசென்ஸ் தருவது மத்திய உள்துறை.

லைசென்ஸ்காரர் காலமானால் பீரோவில் பூட்டிவைக்காதீர்கள். பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

லைசென்ஸ் இருப்பவர்கள் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், உள்ளே பிசினாகிவிடும். துப்பாக்கிக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெய் போதும். தோல் உறையில் போட்டுவைக்கவே கூடாது. உவரி, திசையன்விளைப் பக்கத்து உப்புக்காற்றை அது உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். துரு கண்டால் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தயவுசெய்து, உப்புத்தாள் மட்டும் வேண்டாம்.