முப்பது வயது டர்போவும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

போன மாதம் சித்தியின் மகன் வந்து, "அண்ணை, ஒரு சில்வியா விலைக்கு வந்திருக்கு, ஒருக்கால் வந்து பாருங்கோவன்" என்று நின்றான். 1991ஆம் ஆண்டு நிசான் சில்வியா. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, டர்போ பூட்டிய கூப்பே. அவனுக்கு அதன் வடிவில் ஆசை, எனக்கும்தான், சின்ன வயதில் பேப்பரில் படம் வெட்டி ஒட்டிய ஆட்களில் நானும் ஒருவன். ஆனால் இந்த வயது வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது பொனற்றுக்குக் கீழே தேங்காய் அளவில், நத்தை மாதிரிச் சுருண்டு இருக்கும் அந்த டர்போதான். அது எப்படி வேலை செய்கிறது, எப்படிச் சாகிறது என்று விளங்கிவிட்டால் விலை பேசுவது சுலபம்.

பெற்றோல் எரிந்து வரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்களவு சைலன்சர் வழியே சூடாக வெளியே போய்விடுகிறது. 1905இல் ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிஸ் பொறியியலாளர் இதை வீணாக விடக்கூடாது என்று யோசித்து, அந்தப் புகையைக் கொண்டு ஒரு சில்லைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சில்லால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் யோசனைக்குக் காப்புரிமை எடுத்தார். கூடக் காற்று போனால் கூடப் பெற்றோல் எரிக்கலாம், அவ்வளவுதான் விசயம். அந்தச் சில்வியாவில் இருந்தது 1998 சிசி எஞ்சின். டர்போ இல்லாத அதே அளவு எஞ்சின் 140 குதிரைவலு தந்தது, டர்போவுடன் 205.

இந்த 65 குதிரைவலுவுக்கான விலை சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்த யாருக்கும் பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுவது தெரியும், காற்றை அமுக்கினால் சூடாகும். 30 பாகை செல்சியஸில் உள்ளே வரும் காற்றை ஒன்றரை மடங்கு அமுக்கினால், டர்போவின் இழப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது அது 80 பாகையைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்துவிடுவதால் அமுக்கியதில் கிட்டத்தட்டப் பாதிப் பலன் போய்விடும், அதனால்தான் இன்டர்கூலர் என்று ஒரு சின்ன றேடியேற்றரை இடையில் வைத்து ஆற்றுகிறார்கள். சில்வியாவில் அது முன் சில்லுக்கு முன்னால் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும் சின்னச் சாமான். ஜப்பான் குளிரில் அது போதும். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் முனியப்பர் கோயிலடியில் வாகன வரிசையில் நிற்கும்போது, வெளிக்காற்றே 34, 35 பாகை, அதுவும் அசையாத காற்று என்றால் எதைக் கொண்டு ஆற்றுவது? வெக்கை நாளில் வண்டி சோம்பலாக இழுப்பது போல இருந்தால் உடனே பழுது என்று பயப்பட வேண்டாம்.

சரி, சாகிற விதத்துக்கு வருவோம். அந்தத் தண்டு முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அந்த வேகத்தில் தண்டின் நடுவிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி ஒரே ஒரு கிராம் எடை பிசகி இருந்தால், அது 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் போல ஒரு பக்கமாக இழுக்கும், கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே இரண்டாம் தரம் போட்டேன். இந்த வகைப் பழைய டர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்குவது பந்து பேரிங் கூட இல்லை, மெல்லிய ஒயில் படலம். தண்டு உலோகத்தில் தொடாமல் ஒயிலில் மிதந்துகொண்டு சுழலும். மறுபக்கத்தில் புகைச் சில்லு, அதன் சூடு கடுமையாக ஓடும்போது 800, 900 பாகை.

இப்போது கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியில் நன்றாக மிதித்துக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் டக்கென்று திறப்பைத் திருப்பி நிறுத்துகிறீர்கள் என்று வைப்போம். எஞ்சின் நின்றதும் ஒயில் பம்பும் நின்றுவிடும், ஆனால் அந்தச் சூட்டை யாரும் நிறுத்தவில்லை, அது தண்டு வழியே மெல்ல ஊர்ந்து பேரிங்குக்குள் தேங்கி நிற்கும் கொஞ்ச ஒயிலைப் பிடிக்கிறது. அடுப்பை அணைக்க மறந்த தாச்சியில் அடியில் கிடந்த எண்ணெய் என்ன ஆகும்? கறுத்துப் பிசினாகி, பிறகு சுரண்டினாலும் போகாத கரியாகும். அதே கரி இங்கே ஒயில் வரும் துவாரத்தை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறது. ஒரு நாள் ஒயில் போதாமல் தண்டு உலோகத்தில் தேய்கிறது, அடுத்து ஒயில் கசியாமல் மறிக்கும் சீல் போகிறது, பிறகு நீலப் புகை. வண்டி 30 வருடத்துக்கு மேல் பழையது என்பதை விட, அத்தனை வருடமும் அதை யார் எப்படி நிறுத்தினார்கள் என்பதே எனக்குப் பெரிய கேள்வி. எங்கள் ஊரில் ஒரு வசதி இருக்கிறது, பெரிய தெருவிலிருந்து திரும்பி ஒழுங்கைக்குள் ஆறுதலாக உருட்டிக்கொண்டு வரும் அந்தச் சில நிமிடங்களே டர்போவை ஆற்றிவிடும். ஒழுங்கை இல்லாதவர்கள் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டு நிறுத்தினால் காணும்.

இந்தக் கரிப் பிரச்சினைக்குத்தான் பேரிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி வைத்தார்கள். எஞ்சின் நின்ற பிறகும் சூடான தண்ணீர் மேலே எழும்ப, ஆறிய தண்ணீர் கீழே வந்து சேர, பம்ப் இல்லாமலே கொஞ்ச நேரம் அது தானாகச் சுழன்று சூட்டைக் கொண்டுபோகும். அருமையான ஏற்பாடு. ஆனால் யாழ்ப்பாணத்தில் இது எங்கே கெடுகிறது தெரியுமா? கிணற்றில். எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், அதில் ஊறி வரும் தண்ணீரைக் கொதிக்க வைத்த கேத்திலின் உட்புறத்தைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அதே தண்ணீரை வாளியில் அள்ளி றேடியேற்றருக்குள் ஊற்றுகிறவர்களை நான் இன்றைக்கும் பார்க்கிறேன், பழைய வண்டிகளுக்குப் பெரிய தீங்கில்லாமல் ஓடியதால் வந்த பழக்கம். டர்போவின் தண்ணீர் வழியோ விரலைவிட ஒடுக்கமானது, அங்கேதான் சூடும் அதிகம், சுண்ணாம்பு முதலில் பற்றுவதும் சூடான இடத்தில்தான். பற்றறிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் கூலன்ரையும் கலந்து ஊற்றும் செலவு ஒரு டர்போவின் விலைக்கு முன்னால் தூசு, தயவுசெய்து இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பெற்றோல் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் போரால் இங்கே பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் கண்ணால் கண்டவர்கள், ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின் கலவையை ஏழு மடங்களவுதான் அமுக்கும், அதனால் தாங்கியது. டர்போ எஞ்சினில் ஏற்கெனவே அமுக்கிச் சூடாக்கிய காற்றை சிலிண்டர் இன்னும் எட்டரை மடங்கு அமுக்குகிறது. தரம் குறைந்த எரிபொருள் அந்த அழுத்தத்தில் தீப்பொறி வந்த பிறகு, சுவாலை போய்ச் சேரும் முன்பே ஒரு மூலையில் தானாக வெடிக்கும், பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது மாதிரி. ஜப்பானில் இந்த எஞ்சினுக்கு உயர்ரகப் பெற்றோல் ஊற்றச் சொன்னதன் காரணம் அதுதான். இங்கே 95 ஒக்ரேன் பெற்றோல் ஊற்ற வேண்டும். 92 ஊற்றினால் எஞ்சினின் கணினி தீப்பொறியைத் தாமதமாக்கிக் காப்பாற்றப் பார்க்கும், அப்போது வலுவும் போகும், புகைச் சூடும் ஏறும், அந்தச் சூடு திரும்பவும் டர்போவுக்கே.

ரப்பர் குழாய்கள் எல்லாம் இந்த வயதில் பிஸ்கட் போல நொறுங்கும், ஒரு கை நீளக் குழாய் வெடித்தாலே வலு போய்விடும், மாற்றுவது மலிவு. கடலுக்கு மேலால் போகும் பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம் வழியே தினமும் போய்வந்த வண்டி என்றால் அடியில் கறள் பாருங்கள். செம்மண் தூசிக்கு நல்ல மூடிய காற்று வடிகட்டி வேண்டும், சத்தத்துக்காகத் திறந்த வடிகட்டி பூட்டியிருந்தால் அது எஞ்சின் அறையின் சூட்டுக்காற்றையே குடிக்கும்.

பார்க்கப் போகும்போது முதல் நாளே சொல்லி எஞ்சினை ஆறவிடச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில் மட்டும் றேடியேற்றர் மூடியைத் திறங்கள். டர்போவுக்குள் காற்று போகும் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கொஞ்சம் ஆடும், ஒயில் இல்லாத நேரத்தில் அது இயல்பு, ஆனால் முன்னும் பின்னும் ஆடினாலோ சில்லின் இதழ் சுவரில் உரசினாலோ அந்த டர்போ முடிந்தது. ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பிறகு மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் டர்போ சீலைச் சந்தேகியுங்கள். எங்கள் கடைசல் பட்டறைகளில் எதையும் செய்வார்கள், தடைக் காலத்தில் செய்தும் காட்டினார்கள், ஆனால் டர்போத் தண்டின் சமநிலையை அதற்கென்ற இயந்திரத்தில்தான் பார்க்க வேண்டும், மேலே சொன்ன ஒரு கிராமை நினைத்துக்கொள்ளுங்கள்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது, பழைய வண்டிக்கும் விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த விலைக்கு மேல் ஒரு முழு டர்போவுக்கும் கூலிக்கும் காசு ஒதுக்க முடிந்தால், தினம் வேலைக்குப் போக வேறு மோட்டார்சைக்கிளோ காரோ இருந்தால், வாங்கலாம் என்றே சொல்வேன். நல்லூருக்கும் பெரியகடைக்கும் இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் ஒரே வண்டியாக இது வேண்டாம், ஒயில் சூடாகும் முன்பே நிறுத்தி நிறுத்தி அதில் ஈரமும் பெற்றோலும் கலந்து கெடும்.

தம்பி காட்டிய சில்வியாவின் தண்டு முன்னும் பின்னும் ஆடவில்லை, புகையும் இல்லை. றேடியேற்றர் மூடியைத் திறந்தேன், கழுத்தைச் சுற்றி எங்கள் வீட்டுக் கேத்திலில் இருப்பது போலவே வெள்ளைப் படிவு. டர்போவைக் கழற்றித் தண்ணீர் வழியைப் பார்க்கவிட்டால் வாங்குகிறோம் என்று உரிமையாளரிடம் சொன்னோம். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.