ஒரேயடியாக ஊருக்கு வருவதற்கு முன்

"சார், இங்க ஆள் குறைக்கிறாங்க. அடுத்த லிஸ்ட்ல என் பேரும் இருக்கலாம். ஊருக்கே வந்துடலாம்னு பார்க்கிறேன். ஆனா அங்க என்ன வேலை கிடைக்கும்னு தெரியல." வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எனக்கு வரும் அழைப்புகளில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. நான் ஆடிட்டர். என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடுத்த வேலை தெரியாமலேயே முடிவு செய்துவிடக்கூடிய விஷயங்கள் நிறைய உண்டு. எந்தத் தேதியில் வருவது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது, பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே இவற்றைச் சரி செய்துகொண்டால், நிதானமாக வேலை தேடக் கொஞ்ச காலம் கிடைக்கும். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பலர், கிடைத்த முதல் வேலையில் போய் உட்கார வேண்டியதாகிவிடுகிறது.

முதலில் கையெழுத்து. ஆள் குறைப்பு நேரத்தில் சில கம்பெனிகள், "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நல்லபடியாகத் தருகிறோம்" என்று கேட்கும். மரியாதையாக விலகுவது போலத் தோன்றும். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். குறைந்தது 12 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியிருந்தால், பேசிக் சம்பளத்தில் (படிகள் சேராத அடிப்படைச் சம்பளம்) 60 சதவீதம் அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குக் கிடைக்கும். வேலை போன 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. நாட்டை விட்டுக் கிளம்பினாலும் நின்றுவிடும். கம்பெனிதான் அனுப்புகிறது என்றால் தாளிலும் அப்படியே இருக்கட்டும்.

சவுதியில் இதன் விலை இன்னும் அதிகம். அங்கே நீங்களாக விலகினால், இரண்டு வருடத்துக்குக் கீழ் பணிக்கொடை (வேலை முடியும்போது கம்பெனி தரும் மொத்தத் தொகை) இல்லை. ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, பத்து வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு, அதன்பிறகுதான் முழுத் தொகை. ஒன்பதரை வருடம் முடித்தவர் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிட்டு வருகிறார் என்று அர்த்தம்.

பணிக்கொடையாக வரும் செட்டில்மென்ட் எவ்வளவு என்பதிலும் பலருக்குத் தவறான கணக்கு இருக்கிறது. அமீரகத்தில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 9,000 திர்ஹம். வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று வைத்து 1,08,000 வரும் என்று மனதில் கட்டிவைத்திருப்பார். ஆனால் கணக்குப் பார்ப்பது பேசிக்கை வைத்து மட்டும்தான். ஒப்பந்தத்தில் பேசிக் 4,000 என்றால், முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் வீதம் 105 நாள், மீதி ஏழு வருடத்துக்கு 30 நாள் வீதம் 210 நாள், ஆக 315 நாள் சம்பளம். தொகை 42,000 திர்ஹம். எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. அந்த ஒரு லட்சத்தை நம்பி ஊரில் யாருக்காவது வாக்குக் கொடுத்திருந்தால் அதோகதிதான். ஆகவே இன்றைக்கே ஒப்பந்தத்தை எடுத்து, பேசிக் எவ்வளவு என்று பாருங்கள். தனிச் சட்டத்தில் இயங்கும் சில நிதி மண்டலங்களுக்கு விதி வேறு. அங்கே இருப்பவர்கள் தங்கள் எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டுக் கிளம்பும்போது, வரிக் கணக்கு முடியும்வரை அவருக்குத் தர வேண்டிய பணத்தைக் கம்பெனி நிறுத்தி வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைசிச் சம்பளத்தை வைத்து டிக்கெட்டும் சாமான் அனுப்பும் செலவும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனபின் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். அந்தப் பதற்றத்தில் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கை உடைத்து எடுத்து வருகிறவர்கள் உண்டு. ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வழக்கமான வரியோடு, பெரும்பாலும் 10 சதவீதம் கூடுதல் வரியும் போகும். அதை அங்கேயே விட்டு வைக்கலாம். அதில் சேரும் வருமானத்துக்கான இந்திய வரியையும், பணத்தை எடுக்கும் காலம்வரை தள்ளிவைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது.

அப்புறம் கடன். "கிரெடிட் கார்டு பாக்கி கொஞ்சம் இருக்கு, அப்படியே வந்துட்டா இங்க யார் சார் தேடி வரப்போறாங்க?" என்று கேட்கிறார்கள். வருவார்கள். 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, அமீரக நீதிமன்றம் கடன் வழக்கில் தரும் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றிக்கொள்ள முடியும். சிங்கப்பூருக்கும் பிரிட்டனுக்கும் இந்த ஏற்பாடு முன்பிருந்தே உண்டு. அது மட்டுமல்ல. நாளைக்கு அதே நாட்டில் நல்ல வேலை ஒன்று அமைந்தால், பழைய கடன் வழக்கு விமான நிலையத்திலேயே உங்களை நிறுத்தும். வேலை நிச்சயமில்லாத ஒருவர் தனக்கிருக்கும் ஒரு வாசலைத் தானே பூட்டிக்கொள்ளக் கூடாது. கட்ட முடியவில்லை என்றால் கிளம்புமுன் வங்கியிடம் பேசி, தவணையைக் குறைக்கவோ தள்ளுபடியில் முடிக்கவோ கேளுங்கள். முடித்தபின் கணக்கு முடிந்த கடிதம் வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.

எந்தத் தேதியில் வருவது?

இதைப் பெரும்பாலானோர் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் டிக்கெட் விலையையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். வரிக் கணக்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான வருடத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே வசிப்பவர். 182 வராவிட்டாலும், அந்த வருடத்தில் 60 நாளும் அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாளும் இருந்திருந்தால் அப்போதும் வசிப்பவர்தான். 2026 ஏப்ரல் முதல் தேதியை நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்த நாள் கணக்கு தொடர்கிறது.

பத்துப் பதினைந்து வருடம் வெளியே இருந்தவர்களுக்கு இதில் பெரிய பயம் வேண்டாம். அவர்களுக்கு ஆர்.என்.ஓ.ஆர். என்ற இடைநிலை கிடைக்கும்; அதாவது, வசிப்பவர்தான், ஆனால் முழு வசிப்பவராகக் கணக்கில் வராதவர். முந்தைய பத்து வருடங்களில் ஒன்பது வருடம் என்.ஆர்.ஐ. ஆக இருந்தாலோ, முந்தைய ஏழு வருடங்களில் இந்தியாவில் 729 நாட்களுக்கு மேல் இல்லாமல் இருந்தாலோ இந்த நிலை. பொதுவாக இரண்டு வருடம், சிலருக்கு மூன்று வருடம் வரை நீளும். அதுவரை வெளிநாட்டில் ஈட்டி, வெளிநாட்டிலேயே பெறும் வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலையும் ரிட்டர்னில் காட்ட வேண்டியதில்லை. அதன்பின் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரக்கூடும்.

எனக்குக் கவலை தருபவர்கள் மூன்று வருடத்துக்கு முன் போன இளைஞர்கள்தான். துபாயில் வேலை போய் டிசம்பரில் ஒரேயடியாக வந்துவிடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் முடிவதற்குள் 60 நாள் தாண்டிவிடும். முந்தைய நான்கு வருடங்களில் போவதற்கு முன் இங்கே இருந்த காலத்தைச் சேர்த்தால் 365 நாளும் வந்துவிடும். ஆர்.என்.ஓ.ஆர். சலுகைக்கும் அவர் தகுதி பெற மாட்டார். விளைவு, ஏப்ரலிலிருந்து துபாயில் வாங்கிய சம்பளம் முழுவதும் இந்தியாவில் வரிக்கு வரும். அங்கே வரி இல்லாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. ஒரே வருமானத்துக்கு இரு நாட்டிலும் வரி விழாமல் தடுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் சிலருக்குக் கை கொடுக்கும். ஆனால் அதற்கு ஆவணங்களும் வாதாட்டமும் வேண்டும். விசா அவகாசம் அனுமதித்தால், அங்கேயே வேலை தேடிக்கொண்டு பிப்ரவரியில் வருவதில் இந்தத் தொல்லையே இல்லை. நடுவில் லீவில் வந்துபோன நாட்களும் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பணம் எங்கே இருக்க வேண்டும்?

ஒரேயடியாக ஊர் திரும்பிய நாளிலிருந்தே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர். வரிச் சட்டம் உங்களை இன்னும் என்.ஆர்.ஐ. என்று சொன்னாலும் இது வேறு. எனவே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான ரூபாய்க் கணக்கான என்.ஆர்.ஈ. கணக்கை, இங்கே வசிப்பவருக்கான கணக்காக மாற்றியாக வேண்டும். அதன் வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் அத்தோடு போய்விடும். வங்கி டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகிவிடாது.

மறுபடியும் வெளியே போக நேரலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஆர்.எஃப்.சி., அதாவது ஊர் திரும்பியவர்களுக்கான அந்நியச் செலாவணிக் கணக்கு. என்.ஆர்.ஈ. பணத்தை இதற்கு மாற்றலாம். பணம் அந்நியச் செலாவணியாகவே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வெளியே கொண்டுபோகலாம், ஆர்.என்.ஓ.ஆர். காலம்வரை வட்டிக்கும் வரி கிடையாது. என்.ஆர்.ஐ. ஆக இருந்தபோது அந்நியச் செலாவணியில் போட்ட எஃப்.சி.என்.ஆர். டெபாசிட் இருந்தால் முதிர்வுவரை அப்படியே ஓடட்டும். இவ்வளவு நல்ல வசதியை வங்கிக் கிளைகளில் யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. செட்டில்மென்ட் பணம் வந்த மாதமே வீட்டுக்கு மாடி எழும்புகிறது. அல்லது மைத்துனரோ பழைய நண்பரோ நடத்தும் தொழிலில் பங்காகப் போகிறது. மாடி வாடகை தருவதற்கு வருடமாகும். தொழிலில் போட்ட பணத்தை, நாளைக்கு விசா வந்தது என்று சொல்லித் திருப்பிக் கேட்க முடியாது. வந்த முதல் ஒரு வருடம் நிலம், கட்டடம், கூட்டுத் தொழில் எதிலும் கை வைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்து என்று மாதத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தவருக்கு இங்கத்திய உண்மைச் செலவு பெரும்பாலும் தெரியாது. வேலை ஆட்டம் கண்டிருப்பதை வீட்டில் சொல்லாமல் மறைப்பவர்களும் உண்டு. சொல்லிவிடுங்கள். பணம் பண்ணிக்கொண்டு வருகிறார் என்று நினைத்து வீட்டார் செய்கிற செலவு, உண்மை தெரிந்தால் அன்றைக்கே நின்றுவிடும்.

அங்கே இருக்கும்போதே வாங்க வேண்டிய தாள்களில், பதவியும் தேதியும் பொறுப்பும் தெளிவாக எழுதிய பணிச் சான்றிதழை அட்டெஸ்டேஷன் (அரசு அத்தாட்சி) செய்துகொள்ளுங்கள். போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழும் அங்கிருந்தே எடுப்பதுதான் சுலபம். வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அநேகமாகக் கேட்பார்கள். நர்ஸ், இன்ஜினியர் போன்றவர்கள் அங்கத்திய லைசென்ஸைக் காலாவதியாக விட வேண்டாம். வேலை போனால் கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். இந்தியாவில் எடுக்கும் பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால் திரும்பும் எண்ணம் மனதில் வந்த நாளிலேயே குடும்பத்துக்கு இங்கே ஒரு பாலிசி எடுத்துவிட்டால், வரும்போது அதில் கொஞ்ச காலம் கழிந்திருக்கும்.

இவ்வளவும் பார்த்துவிட்டு ஆடிட்டரைத் தேடிப் போகும்போது, புது பாஸ்போர்ட்டோடு பழைய பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். முந்தைய வருடங்களின் நாள் கணக்கை அதிலுள்ள இமிக்ரேஷன் முத்திரைகளை வைத்துத்தான் போட வேண்டியிருக்கும். முத்திரை குத்தாத பயணங்களுக்கு டிக்கெட்டோ போர்டிங் பாஸோ இருந்தால் அவற்றையும் மெயிலில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.