மிக்ஸ்ட்: ‘கலவையான விமர்சனம்’ என்னும் பொருந்தாத் தொடர்

வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் அறிமுகக் குறிப்புகளில் ‘இவ்விளையாட்டு கலவையான விமர்சனங்களைப் பெற்றது’ என்ற வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. திரைப்படச் செய்திகளில் நெடுநாளாகப் புழங்கிவரும் இத்தொடரைக் கன்சோல் விளையாட்டுகளுக்கும் அப்படியே தூக்கி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மிக்ஸ்ட்’ என்று இருப்பதைக் கண்டதும் அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து எழுதிய மொழிபெயர்ப்பு இது. படிப்பவருக்கு இதிலிருந்து ஒரு செய்தியும் கிடைப்பதில்லை. விமர்சகர்கள் தமக்குள் முரண்பட்டார்களா, அல்லது ஒவ்வொருவருமே குறையையும் சுவையையும் சேர்த்துக் கண்டார்களா என்று கேட்டால் இத்தொடரிடம் பதில் இல்லை. குறைகள் பல இருந்தும் கையை விட்டு இறக்க மனம் வராத விளையாட்டுகள் என்று ஓர் இனம் உண்டு. இந்த மொழிபெயர்ப்பால் பெரிதும் பாதிக்கப்படுவது அந்த இனந்தான்.

சொல்லின் பிறப்பை விரைவாகச் சொல்லிவிடலாம். இலத்தீன் வினையான ‘மிஸ்கேரெ’ என்பதன் எச்ச வடிவம் ‘மிக்ஸ்துஸ்’; அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் ‘மிக்ஸ்ட்’ என்ற பெயரடையாக வந்தது. ‘மிக்ஸ்’ என்ற வினையை ஆங்கிலேயர் பின்னரே அதிலிருந்து பிரித்து ஆக்கிக்கொண்டனர். ஆகவே அம்மொழியில் முதலில் வந்தது கலக்கும் செயலைக் குறிக்கும் சொல் அன்று. பலவகைப்பட்டதாக இருக்கும் நிலையைக் குறிக்கும் சொல். மதிப்புரைகளைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலம் நிலையைக் குறிக்கும் இந்தப் பொருளையே, அதாவது ‘ஒருவகைப்படாத’ என்பதையே, கருதுகிறது.

அந்தப் பொருளுக்குள்ளும் இரண்டு வேறுபட்ட நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. 2010-இல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலுக்கு வெளிவந்த ‘டெட்லி பிரிமோனிஷன்’ முதல் நிலைமைக்குச் சான்று. அதற்கு விளையாட்டு மதிப்புரைத் தளமான ஐஜிஎன் 10-க்கு 2 மதிப்பெண் கொடுத்தது. டிஸ்ட்ரக்டாய்டு தளம் 10-க்கு 10 கொடுத்தது. விமர்சகர்களை மிகுதியாகப் பிளவுபடுத்திய திகில் விளையாட்டு என்று கின்னஸ் பதிவிலும் அது இடம்பெற்றது. வண்டி ஓட்டுவது தொல்லை, சண்டைக் காட்சிகள் தடுமாற்றம், படக்காட்சி பழையது என்று ஒரு சாரார் தள்ளினர். அதன் விசித்திரமான கதைமாந்தரும் துப்பறியும் அதிகாரி யார்க் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் முறையும் வேறெங்கும் கிடைக்காதவை என்று மற்றொரு சாரார் கொண்டாடினர். இங்கே விமர்சகர் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ‘நியர்’ இரண்டாம் நிலைமைக்குச் சான்று. அதனைப் பாராட்டியவர்களே மையக் கதைக்கு வெளியே அது தரும் கிளைப்பணிகள் சலிப்பூட்டுகின்றன என்றும் காட்சியமைப்பு அக்காலத் தரத்துக்குப் பின்தங்கியது என்றும் எழுதினார்கள். குறை சொன்னவர்களே அதன் இசையையும் கதையையும் ஒப்புக்கொண்டார்கள். பிளவு இங்கே ஆட்களுக்கு நடுவே விழவில்லை. ஒவ்வொரு மதிப்புரைக்கு உள்ளேயும் விழுந்தது. பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி 100-க்கு இவ்வளவு என்று காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் இரண்டு விளையாட்டுகளும் 70-ஐத் தொடாமல் அறுபதுகளின் மேற்பகுதியில் நிற்கின்றன. தமிழில் இரண்டையும் ‘கலவையான விமர்சனம்’ என்று எழுதிவிட்டால் அவற்றுக்கிடையே உள்ள முதன்மையான வேறுபாடு மறைந்துபோகிறது.

இக்குழப்பத்துக்கு ஆங்கிலமும் பொறுப்பு என்பதை மறுக்க முடியாது. மெட்டாக்ரிட்டிக் தளம் விளையாட்டுகளில் 50 முதல் 74 வரை பெற்றவற்றுக்கு மஞ்சள் நிறம் தந்து, ‘மிக்ஸ்ட்’ என்பதையும் ‘சராசரி’ என்பதையும் ‘அல்லது’ போட்டு ஒரே பெயர்ப்பலகையில் எழுதியிருக்கிறது. உண்மையில் இவை ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவை அல்ல. சராசரியான விளையாட்டில் குறிப்பிட்டுச் சொல்லும்படியான குறையும் இராது, சுவையும் இராது. நாம் பேசும் விளையாட்டுகளிலோ இரண்டும் மிகுதி. மேலும், திரைப்படங்களுக்கு அதே தளம் 40 முதல் 60 வரையிலானவற்றையே மஞ்சளில் அடைக்கிறது. 70 பெற்ற திரைப்படம் பச்சை. 70 பெற்ற விளையாட்டு மஞ்சள். எண்ணை விட்டுவிட்டு அதன் பெயர்ப்பலகையை மட்டும் மொழிபெயர்ப்பவர், திரைத்துறையின் ‘கலவை’ வேறு, விளையாட்டுத் துறையின் ‘கலவை’ வேறு என்று அறியாமலே இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார். எண்களின் எல்லைக்கோடுகளால் விளையும் தீங்கு சிறியதன்று. ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ 85 பெற்றிருந்தால் அதை உருவாக்கிய நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை கிடைத்திருக்கும், அது பெற்றது 84. வெளியான வேளையில் அதிலிருந்த நிரல்பிழைகள் பலரையும் வருத்தின. ஆனாலும் அதன் எழுத்துக்காகவும் ஆட்டக்காரருக்கு அது தரும் சுதந்திரத்துக்காகவும் இன்றும் அதைத் தேடி விளையாடுகிறார்கள். எண் சொல்லத் தவறுவதைச் சொல்லாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

இனி ‘கலவை’க்கு வருவோம். தமிழில் கலத்தல் என்பது வேறுவேறாக இருந்தவை ஒன்றாகிவிடுவது. பாலில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க முடியாது. சாந்துக் கலவையில் சந்தனம் தனியே, பிற மணப்பொருள் தனியே நிற்பதில்லை. கட்டுமானக் கலவையில் மணலும் சிமெண்ட்டும் இறுகி ஒரே பொருளாகின்றன. கலப்படம், கலப்பு, கலவி என்று இவ்வேரில் பிறந்த எந்தச் சொல்லை எடுத்தாலும் தனித்தன்மை கரைவது என்னும் கருத்து உடன் வருகிறது. 2 கொடுத்தவரின் தீர்ப்பும் 10 கொடுத்தவரின் தீர்ப்பும் இப்படிக் கரைந்து ஒன்றாகின்றனவா? கூட்டி வகுத்தால் 6 வரும். ஆனால் 6 என்று அவ்விருவரில் எவரும் சொல்லவில்லை. ‘கலவையான’ என்ற சொல் அந்த வகுத்தலைத் தமிழுக்குள்ளும் செய்து, யாரும் வழங்காத தீர்ப்பு ஒன்றை நமக்கு வழங்குகிறது. என் எதிர்ப்பின் முதற்காரணம் இதுதான்.

அடுத்த சிக்கல் ‘விமர்சனம்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. வடமொழியில் அதன் பொருள் ஆராய்தல். இன்றைய தமிழ் வழக்கிலோ ‘அவரை விமர்சித்தார்’ என்றால் குறை கூறினார் என்றே கொள்கிறோம். ‘விமர்சனத்துக்கு உள்ளானது’ என்றால் கண்டனத்துக்கு உள்ளானது என்று பொருள். கலைகளைப் பற்றிப் பேசும்போது மட்டுமே அச்சொல் நடுநிலையில் நிற்கிறது. இத்துறைப் பழக்கம் இல்லாத ஒருவர் ‘கலவையான விமர்சனங்களைப் பெற்றது’ என்று படித்தால், பலவகைப்பட்ட குற்றச்சாட்டுகள் எழுந்தன என்றே எண்ணிக்கொள்ள இடமுண்டு. ‘பெற்றது’ என்ற வினையும் ஆங்கில வாக்கியத்தின் நேர் நகல். தமிழில் விளையாட்டு விமர்சனத்தைப் பெறுவதில்லை, விமர்சகர்தாம் அதை மதிப்பிடுகிறார்கள். செய்பவரை வாக்கியத்திலிருந்து அகற்றிவிட்டால், அவர்கள் ஒருமித்தார்களா முரண்பட்டார்களா என்று கேட்கும் வாய்ப்பும் அகன்றுவிடுகிறது. ‘மதிப்புரை’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. அதில் குறைகூறும் சாயல் இல்லை. மதிப்பிடுதல் என்ற கருத்து வெளிப்படையாகவே இருக்கிறது. புத்தகங்களுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வழக்கில் ஊன்றிவிட்ட தொடரை ஏன் பிடுங்க வேண்டும், படிப்பவர்களுக்குப் புரிந்துதானே போகிறது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு என்னதான் புரிகிறது? ‘அவ்வளவு நன்றாக இல்லை போலும்’ என்ற மங்கலான எண்ணம் மட்டுமே மிஞ்சுகிறது; அந்த எண்ணத்தோடு ‘நியரை’ ஒதுக்கிவிடுவோரும் இருப்பார்கள். வழக்கு என்ற ஒன்றை மட்டும் காட்டி ஒரு சொல்லைக் காப்பதானால், அது தன் வேலையைச் செய்கிறது என்பதையாவது மெய்ப்பிக்க வேண்டும். நான் தூய்மையை மட்டும் கருதி எதிர்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘கலவை’ தூய தமிழ்ச்சொல்லே. தூய்மையாக இருந்தும் தெளிவில்லாத சொல்லைவிட, ‘கன்சோல்’ போல எல்லாருக்கும் விளங்கும் கடன்சொல் மேலானது.

இதே இன விளையாட்டுகளுக்கு வேறொரு பெயரும் இப்போது பரவிவருகிறது: ‘குறையுள்ள மாணிக்கம்’. ஆங்கிலத்தில் குற்றமுள்ள மணி என்று பாராட்டாகச் சொல்வதன் நேர் பெயர்ப்பு அது. ஆனால் தமிழ் மரபில் மணிக்குக் குற்றம் என்பது பாராட்டோடு சேராது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடைத் தெரு வருணிக்கப்படும் இடத்தில், காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் குற்றங்கள் நீங்கிய வைரங்களே அங்கு இருந்தன என்று எண்ணிச் சொல்லப்படுகிறது. மணியைக் குற்றம் பார்த்துத் தள்ளுவது நம் மரபு. குற்றத்தோடு சேர்த்துப் போற்றுவது அன்று. ஆகவே ‘குறையுள்ள மாணிக்கம்’ என்று கேட்கும் தமிழ்க் காதுக்கு ‘விலைபோகாத கல்’ என்றே முதலில் படும். உவமையை மொழிபெயர்ப்பவர், அந்த உவமை இலக்கு மொழியில் எப்பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டே ரசிப்பதைக் குறிக்கும் ‘கில்ட்டி பிளஷர்’ என்ற ஆங்கிலத் தொடரை, இதற்கு இணையாகக் ‘குற்ற இன்பம்’ என்றும் எழுதுகிறார்கள். அதைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. நல்ல விளையாட்டு ஒன்றை ரசிப்பதில் குற்றம் ஏதுமில்லை. அதைப் படிப்பவர் சட்டத்துக்குப் புறம்பான ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்வார்.

என் பரிந்துரை, இரு நிலைமைகளுக்கும் இரு சொற்களைத் தனித்தனியே ஆள வேண்டும் என்பதே. விமர்சகர்கள் தமக்குள் முரண்பட்டால் ‘இரண்டுபட்டனர்’ என்று எழுதலாம். ஊர் இரண்டுபடுவது தமிழருக்குப் பழகிய வழக்கு, விளக்கம் தேவையில்லை. ‘டெட்லி பிரிமோனிஷனைக் குறித்து மதிப்புரையாளர்கள் இரண்டுபட்டனர்’ என்றால் நடந்தது முழுவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் குறையும் நிறையும் கண்டு, முடிவில் நிறையின் பக்கம் சாய்ந்திருந்தால் அதற்குக் ‘குணமிகுதி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்ற 504-ஆம் குறளே இதற்கு அடிப்படை. அரசன் தன் பணிக்கு ஆளைத் தேர்வதற்காகச் சொல்லப்பட்ட அக்குறள், விமர்சகர் செய்ய வேண்டிய மூன்று வேலைகளையும் அதே வரிசையில் சொல்கிறது: குணத்தைத் தேடு, குற்றத்தையும் தேடு, எது மிகுதி என்று பார்த்துத் தீர்ப்புச் சொல். ‘கலவையான’ என்ற சொல் முதல் இரண்டோடு நின்றுவிட்டு மூன்றாவதிலிருந்து நழுவிக்கொள்கிறது. ‘குணமிகுதி’ அதைச் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது.

‘மிகை’ என்றே ஆளாமல் ‘மிகுதி’யைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மிகைநடிப்பு, மிகைப்படுத்தல் என்று இன்றைய வழக்கில் ‘மிகை’ அளவு கடந்ததைக் குறித்துத் தாழ்ந்துவிட்டது. அதே வேரிலிருந்து பிறந்த ‘மிகுதி’க்கு அந்தக் கறை இல்லை. ‘குணமிகுதி’ என்றால் மிகச் சிறந்தது என்று தவறாகப் பொருள் கொள்ள நேருமே என்ற தடைக்கும் இடமிருக்கிறது. அதனாலேயே, பெயர்ப்பலகையாக எழுதும்போது ‘குறையுண்டு, குணமிகுதி’ என்று இரண்டையும் சேர்த்து எழுதுவதையே விரும்புகிறேன். ஓடும் உரைநடையில் இவ்வளவுகூடத் தேவையில்லை. ‘குறைகளைத் தாண்டி ரசிக்க வைக்கிறது’ என்று மக்கள் இயல்பாகவே பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் தேடி அலையும் தொடர் அவர் வாயிலேயே இருக்கிறது. எழுத உட்காரும்போதுதான் அதை மறந்துவிட்டு ஆங்கில வாக்கியத்தின் பின்னால் போகிறார்.

ஒரு விளையாட்டுக்கு இரு சொற்களும் ஒருசேரத் தேவைப்படலாம். பிளேஸ்டேஷன் 2-இல் 2006-இல் வெளிவந்த ‘காட் ஹேண்டு’ அப்படிப்பட்டது. ஐஜிஎன் அதற்கு 10-க்கு 3 மட்டுமே கொடுத்தது. வேறு சிலர் உயர்வாக மதித்தனர். ஆகவே மதிப்புரையாளர்கள் இரண்டுபட்டனர் என்பது உண்மை. ஆனால் உயர்வாக மதித்தவர்களும், முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் கேமரா, பீரங்கி வண்டியைத் திருப்புவது போன்ற நகர்வு, வெறுமையான களங்கள் ஆகியவற்றை மறைக்கவில்லை. ஆட்டக்காரர் தேறத்தேறப் பகைவரும் கடுமையாகும் அமைப்பும், அடிகளை நாமே கோத்து வரிசைப்படுத்திக்கொள்ளும் உரிமையும் அக்குறைகளை விஞ்சின என்பதே அவர்கள் தீர்ப்பு. ‘மதிப்புரையாளர்கள் இரண்டுபட்டனர், பாராட்டியவர்களும் குறைகளைச் சுட்டியே பாராட்டினர்’ என்று எழுத இரண்டு வரிகூட ஆகாது.

குறையே சுவையாகிவிடும் ‘எர்த் டிஃபென்ஸ் ஃபோர்ஸ்’ போன்றவை தனி வகை. பூதாகார எறும்புகள் கூட்டமாகப் பாய்ந்து கட்டடங்கள் சரியும்போது கன்சோல் திணறிக் காட்சி மெதுவாகிறது. அந்தத் திணறலே அழிவின் பெருக்கத்தை உணர்த்துகிறது என்று ரசிகர்கள் அதையும் விரும்புகிறார்கள். இதை ஆங்கில விளையாட்டு உலகம் ‘ஜேங்க்’ என்ற கொச்சைச் சொல்லால் அன்போடு குறிக்கிறது. இங்கே குணத்தையும் குற்றத்தையும் இரு தட்டுகளில் பிரித்து வைக்கவே முடியாது. ஆகவே ‘குணமிகுதி’ இதற்குப் பொருந்தாது. இப்போதைக்கு ‘ஜேங்க்’ என்றே எழுதி, முதல் முறை ஆளும்போது ஒரு வரியில் விளக்கிவிடுவது நேர்மையானது. இதற்கும் ‘கலவையான’ என்று எழுதிவிட வேண்டாம். குறையும் இல்லாத சுவையும் இல்லாத சராசரி விளையாட்டுக்கும் அச்சொல் வேண்டாம், அதற்குச் ‘சுமார்’ என்று எல்லாரும் சொல்லும் சொல் போதும்.