பனிநாட்டு வளவில் ஜப்பானிய மேப்பிள்: கிளையைவிட வேரைக் கவனியுங்கள்

சென்ற ஆண்டு ரொறொன்ரோவுக்கு அருகிலுள்ள மார்க்கம் நகரில் ஒரு வீட்டார், பீங்கான் சாடியில் வளர்த்த ஜப்பானிய மேப்பிளைக் காட்டினார்கள். ஏப்ரலில் அழகாகத் துளிர்த்த மரம் ஜூனில் ஒரே வாரத்தில் வாடிப்போனது ஏன் என்பது அவர்களுடைய கேள்வி. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்து, தொட்டால் தோல் உரியும் நிலையில் இருந்தன. குளிர்காலத்திலேயே வேர் இறந்துவிட்டது. கிளைகளில் சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்தைக் கொண்டே அந்த மரம் இரண்டு மாதம் இலை காட்டியிருக்கிறது.

ரொறொன்ரோவிலும் சுற்றுப்புறங்களிலும் வீட்டுத் தோட்டங்களைப் பராமரிக்கும் தொழிலில் நான் மீண்டும் மீண்டும் காணும் தவறு இது. மரம் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்பதைக் காட்டும் வலய எண்ணாக அதன் பெயர்ச்சீட்டில் 5ஆம் வலயம் என்று எழுதியிருந்தால், குளிர்காலத்தில் மைனஸ் 23 முதல் மைனஸ் 29 பாகை செல்சியஸ் வரை இறங்கும் இடங்களிலும் அது தாங்கும் என்று பொருள். ஆனால் அந்தக் கணக்கு நிலத்தில் வேரூன்றி நிற்கும் மரத்துக்கே உரியது. கிளைகளைப் போல வேர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்வதில்லை. ஏறத்தாழ மைனஸ் 10 பாகையிலேயே அவை சாகத் தொடங்குகின்றன. நிலத்து மண்ணும் அதன் மேல் விழும் பனியும் போர்வையாகின்றன, சாடிக்கோ நாற்புறமும் குளிர்காற்றுதான். சாடியில்தான் வளர்க்க வேண்டுமென்றால், இலை உதிர்ந்தபின் வெப்பமூட்டாத கராஜுக்குள் நகர்த்தி, மண் முற்றிலும் காயாதபடி மாதத்துக்கு ஓரிரு முறை சிறிது நீர் விடுங்கள். சீட்டிலுள்ள எண் பெரும்பாலும் அமெரிக்க வலய எண் என்பதையும் கவனியுங்கள். பனிப்போர்வை, காற்று, மழை ஆகியவற்றையும் சேர்த்துக் கணிக்கும் கனடிய வரைபடத்தின் எண்ணோடு அது ஒத்துப்போகாது.

நிலத்தில் நட்ட மரங்களைக் கொல்வதில் குளிரைவிட ஆழத்துக்கே பங்கு அதிகம் என்பது என் அனுபவம். அடித்தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நாற்றுப்பண்ணையிலிருந்து வரும்போதே அந்த இடம் சில சென்டிமீட்டர் மண்ணுக்குள் புதைந்திருப்பது சாதாரணம். அதை அப்படியே குழியில் இறக்கினால், நம் பகுதியின் களிமண்ணில் நீர் தேங்கி வேர் மூச்சுத்திணறும், சில வேர்கள் தண்டையே சுற்றி நெரிக்கும். நடுவதற்கு முன் மேல்மண்ணைக் கையால் சுரண்டி அந்த விரிவைத் தேடுங்கள். களிமண் கடினமானால், குழியை ஆழமாக்காமல் அகலமாக்கி, மரத்தைச் சற்று மேடாக நடுங்கள்.

காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் நல்லது. தெற்குச் சுவரோரம் இதமாகத் தோன்றினாலும், அங்கே மொட்டுகள் முந்தி விழித்து, மே மாதத்தில் வரும் பின்பனியில் கருகிவிடும். சிவந்த இலை விரும்புவோருக்கு நான் முதலில் சொல்வது 'பிளட்குட்' என்ற வகை. பவளநிறப் பட்டைக்காக வாங்கும் 'சாங்கோ-காக்கு' இங்கே நுனிக்கிளைகளை அடிக்கடி இழக்கிறது. ஒட்டாவாவிலும் அதற்கு வடக்கிலும் இருப்போர் கொரிய மேப்பிளையோ, அதனோடு கலந்து உருவாக்கிய 'நார்த் விண்ட்' போன்ற கலப்பினங்களையோ நாடுவது பாதுகாப்பானது.

ஜூலைக்குப் பிறகு பசளை வேண்டாம். இளந்தளிர் முற்றாமல் பனியில் அகப்படும். நிலம் உறையும்வரை நீர் விடுங்கள், நவம்பரில் உலர்ந்த வேரோடு உறையும் மரமே அதிகம் பாதிக்கப்படுகிறது. மண்ணுக்கு மூடாக்காக மரச்சில்லுகளை 5 முதல் 8 சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பும்போது தண்டைத் தொடவிடாதீர்கள். பனிக்கு அடியில் ஊரும் சிற்றெலிகள் அதற்குள் ஒளிந்து பட்டையைக் கொறிக்கும் என்பதால், தண்டைச் சுற்றிக் கம்பிவலையும் கட்டுங்கள். வாகனப் பாதையில் தூவும் உப்பு கலந்த பனியை மரத்தடியில் குவிக்கவே கூடாது.

துளிர்க்காத மரத்தை மே மாதத்திலேயே வெட்டிவிட வேண்டாம். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிகிறதா என்று பார்த்து, ஜூன் நடுப்பகுதிவரை காத்திருங்கள். ஆனால், நாற்றுமரத்தின் அடித்தண்டில் ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழிருந்து மட்டும் பச்சைத் தளிர்கள் கிளம்பினால், நீங்கள் வாங்கிய ஒட்டு இறந்துவிட்டது. இனி வளர்வது அடியிலிருந்த சாதாரண நாற்றுமரம். அதுவும் ஜப்பானிய மேப்பிள்தான், பல வேளைகளில் ஒட்டைவிட உறுதியானது. அதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களிடம், வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.